எலும்புப் புற்றும் கீமோவும்: செல்லுக்குள் ஓடும் சேதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் இல்லை. என் தங்கை மகனுக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று இருப்பது தெரிந்தது. அடுத்த எட்டு மாதம் வீட்டில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். பையன் கேட்டது, தங்கை கேட்டது, அவனுடைய அப்பத்தா கேட்டது, விசாரிக்க வந்தவர்கள் கேட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன். அவற்றைத்தான் இங்கே பதிலோடு எழுதுகிறேன். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பது மட்டும்தான் என் பேச்சு.

எலும்புப் புற்று என்றால் ஒரே நோய்தானா?

இல்லை. மார்பிலோ நுரையீரலிலோ தொடங்கி எலும்புக்குப் பரவுவது வேறு. எலும்பிலேயே பிறப்பது வேறு. எலும்பில் பிறப்பவற்றில், வளரும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது ஆஸ்டியோசர்கோமா. அதற்கு அடுத்தது யூயிங் சர்கோமா. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பையனுக்கு முட்டி வலி. வளர்கிற வயதில் வருவதுதானே?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆஸ்டியோசர்கோமா அரிய நோய். முட்டி வலித்த பிள்ளைக்கெல்லாம் அது வந்துவிடாது. ஆனால் எலும்பு வேகமாக நீளும் வயதில், வேகமாக நீளும் இடத்தில்தான் இது வருகிறது. முழங்காலைச் சுற்றியும், தோளுக்குச் சற்றுக் கீழேயும் அதிகம். செல்கள் மும்முரமாகப் பிரியும் இடத்தில் பிழை விழவும் வாய்ப்பு அதிகம் என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பந்து விளையாடி விழுந்த சுளுக்கு என்று நினைத்தோம். எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு கட்டுப் போட்டார்கள். ஏழு வாரம் போயிற்று. ராத்திரியில் வலித்து எழுந்திருக்கிறான், ஒரு காலில் மட்டும் வீக்கம், வாரக்கணக்கில் வலி விடவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தும் எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. விலங்கியல் படித்த எனக்கும்தான். காரணம் தெரியாத வீக்கத்தை நீவக் கூடாது. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியைக்கூட, பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவிடமே செய்துகொள்வது நல்லது. ஊசி போகும் பாதையையும் பிற்பாடு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், எந்த இடத்தில் குத்துவது என்பதில் கணக்கு இருக்கிறது.

செல்லுக்குள் 'சேதி' என்று சொல்கிறீர்களே, அது என்ன?

நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஆள் வந்து நிற்கிறார். முகப்பில் இருப்பவர் வளவில் இருப்பவரிடம் சொல்கிறார், அவர் இரண்டாங்கட்டுக்குச் சொல்கிறார், கடைசியில் அடுப்படியில் இன்னும் ஒரு படி அரிசி உலையில் விழுகிறது. வந்தவர் அடுப்படிக்குப் போகவே இல்லை. அவர் வந்த சேதிதான் போனது.

செல்லிலும் இதுதான். வெளியிலிருந்து வரும் வளர்ச்சிப் பொருள், செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பியில் வந்து உட்காரும். ஏற்பி உள்ளே இருக்கும் ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். பெரும்பாலும் பாஸ்பேட் என்ற சிறு ஒட்டை மாட்டியோ கழற்றியோதான் இந்த எழுப்பல் நடக்கிறது. முடிவில் உட்கருவில் ஒரு மரபணு திறக்கும் அல்லது மூடும். 'பிரி', 'நில்', 'பழுதைச் சரிபார்', 'செத்துப்போ' என்று எல்லாக் கட்டளையும் இப்படித்தான் போகிறது. புற்றில் வாசலில் ஆளே வராதபோதும் உலை ஏறிக்கொண்டே இருக்கும்.

கீமோ மருந்து விஷம் மாதிரி செல்லைக் கொன்றுவிடுகிறதா?

நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி இதுதான்; இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மருந்து நேரடியாகக் கொல்வது குறைவு. அது கணக்கில் குளறுபடி செய்கிறது. கடையை மூடுவது செல்லே எடுக்கும் முடிவு.

பர்மாவிலும் மலாயாவிலும் நம்மவர்கள் நடத்திய கடைகளை எண்ணிப்பாருங்கள். பெட்டியடிப் பையன், அவனுக்கு மேல் அடுத்தாள், எல்லோருக்கும் மேல் மேலாள். பேரேட்டில் இரண்டு ஏடு ஒட்டிக்கொண்டு வரவு தெரியவில்லை என்றால் முதலில் கண்டுபிடிப்பவன் பையன். அவன் அடுத்தாளிடம் சொல்வான், அடுத்தாள் மேலாளிடம். மேலாள் முதலில் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வார். சரிசெய்யவே முடியாது என்று தெரிந்தால் கடையை ஒழுங்காக மூடிவிடச் சொல்வார்.

செல்லின் பேரேடு டிஎன்ஏ. அதில் பழுதைக் கண்டுபிடிக்கும் பையன்கள் ஏடிஎம், ஏடிஆர் என்ற இரண்டு புரதங்கள். (ஏடிஎம் என்றதும் தங்கை மகனின் அப்பத்தா, 'பேங்க் வாசல்ல இருக்கே அதா?' என்றார். இல்லை ஆச்சி, அது வேறு.) இவை செக்1, செக்2 என்ற அடுத்தாள்களுக்குச் சொல்கின்றன. மேலாள் பி53. சாதாரண நாளில் பி53 செல்லில் அதிகம் தங்காது. எம்டிஎம்2 என்ற புரதம் அதைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். பழுதுச் சேதி வந்ததும் பி53-இன் மேல் பாஸ்பேட் ஏறுகிறது, எம்டிஎம்2-இன் பிடி தளர்கிறது, பி53 குவிகிறது. முதலில் பி21 என்ற புரதத்தைக் கொண்டு செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுது சரியாகவில்லை என்றால் பூமா, பாக்ஸ் போன்ற புரதங்களை ஏவுகிறது. அவை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும். அதிலிருந்து சைட்டோக்ரோம் சி கசியும். கசிந்ததும் கேஸ்பேஸ் 9, பிறகு கேஸ்பேஸ் 3 என்று கத்திகள் உறையிலிருந்து வரும். செல் வெடிக்காமல், சுருங்கித் துண்டாகி, அண்டைச் செல்களால் துப்புரவாகத் தின்னப்படும். அப்போப்டோசிஸ் என்பது இதுதான்.

மூன்று மருந்து தருகிறார்களே, மூன்றும் ஒரே வேலையா செய்கின்றன?

மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றையும் சேர்த்துத் தருவது உலகில் பல இடங்களில் நடைமுறை. மெத்தோட்ரெக்சேட் இல்லாமல் ஐபாஸ்பமைடைச் சேர்த்துத் தரும் முறையும் நம் நாட்டில் உண்டு. மூன்றாலும் பேரேட்டு வேலைதான் கெடுகிறது, ஆனால் வெவ்வேறு வழியில்.

சிஸ்பிளாட்டின், டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் குவானைன் என்ற எழுத்துகள் இரண்டைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்ததுபோல் மாட்டிவிடும். படியெடுக்க வரும் இயந்திரம் அங்கே வந்து முட்டி நிற்கும்.

இந்த மருந்து கிடைத்த கதை காரைக்குடிக்காரர்களுக்குப் பிடிக்க வேண்டியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில் இருக்கிறது. மின்முனை, மின்பகுப்பு என்பதெல்லாம் இங்கே டீக்கடைவரை தெரிந்த சொற்கள். சிஸ்பிளாட்டினும் ஒரு மின்முனையிலிருந்துதான் வந்தது. பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், மின்புலம் பாக்டீரியா பிரிவதை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினம் மின்முனைகளை வைத்தார். பாக்டீரியாக்கள் பிரியாமல் நூல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரம் இல்லை, முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. 1965-இல் அதை வெளியிட்டார்; 1978-இல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தச் சேர்மத்தை 1844-லேயே ஒருவர் செய்து வைத்திருந்தார், பயன்தான் தெரியாமல் இருந்தது.

டாக்சோரூபிசின் வேறு மாதிரி. முறுக்கேறிய டிஎன்ஏவை வெட்டி, முறுக்கை விடுவித்து, திரும்ப ஒட்டும் டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி இருக்கிறது. வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் இந்த மருந்து பிடித்துக்கொள்கிறது. இரண்டு இழையும் அறுந்தபடி நிற்கும். ஏடிஎம் உரக்கக் கத்துவது இப்போதுதான்.

மெத்தோட்ரெக்சேட் பேரேட்டைத் தொடுவதே இல்லை, மையை நிறுத்திவிடுகிறது. போலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவுக்கு மாற்றும் நொதியை அடைத்துவிடுவதால், டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமிடின் தயாராகாது. படியெடுப்பு பாதியில் நிற்கும். பாதியில் நின்ற இடங்களை ஏடிஆர் கவனித்துச் சேதி அனுப்பும்.

'மாமா, எது புற்று செல் என்று மருந்துக்கு எப்படித் தெரியும்?'

பையன் முதல் சைக்கிளில், அதாவது கீமோவின் முதல் சுற்றில், கேட்டது. தெரியாது என்பதுதான் உண்மையான பதில். யார் அதிகமாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களுக்கு அடி அதிகம். முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாம் வேகமாகப் பிரிபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளை அணுக்களின் கவுண்ட் இறங்குகிறது. ஆனால் நல்ல செல்லில் சேதிச் சங்கிலி முழுசாக இருக்கிறது. நிறுத்தவும் பழுது பார்க்கவும் அதற்குத் தெரியும், அங்கே செத்த செல்களுக்குப் பதில் மூலச்செல்கள் புதிதாகத் தரும். இரண்டு சைக்கிளுக்கு நடுவே விடும் இடைவெளி அந்த மீட்சிக்காகத்தான்.

மேலாளே கெட்டுப்போயிருந்தால்?

ஆஸ்டியோசர்கோமாவில் நடப்பதே அதுதான். பி53-க்கான மரபணு இந்தப் புற்றில் மிகப் பெரும்பாலும் உடைந்தோ, இடம் மாறியோ, அழிந்தோ இருக்கிறது. சிலவற்றில் பி53 நன்றாக இருக்கும், எம்டிஎம்2 அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். பி53 பிழையோடு பிறக்கும் லி-ஃபிரௌமேனி என்ற குடும்ப நோயில் இந்த எலும்புப் புற்று கூடுதலாக வருவது இதனால்தான். கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றை வர வைக்கும் ஆர்பி1 மரபணுப் பிழையோடு பிறந்தவர்களிடமும் இது கூடுதலாக வருகிறது.

மேலாள் இல்லாமல் மருந்து எப்படி வேலை செய்கிறது? ஆய்வகங்களில் வளர்க்கும் இரண்டு செல் வரிசைகள் இதற்கு நல்ல சாட்சி. 1964-இல் ஸ்வீடனில் 15 வயதுப் பெண்ணின் கால் எலும்புக் கட்டியிலிருந்து எடுத்தது யு2ஓஎஸ். அதில் பி53 நல்லபடி இருக்கிறது. 1973-இல் 11 வயதுப் பெண்ணிடமிருந்து எடுத்தது சாவோஸ்-2. அதில் பி53 கிடையவே கிடையாது. ஆனாலும் போதிய அளவு மருந்து பட்டால் சாவோஸ்-2 செல்களும் சாகின்றன. பி53-இன் பங்காளியான பி73 சில நேரம் அந்த வேலையைச் செய்கிறது. இன்னொன்று, 'நில்' என்று சொல்ல ஆளில்லாமல் பழுதோடு பிரியப் போய், குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்குபோட்டுச் செல்லே நிலைகுலைந்து சாவதும் உண்டு. ஒழுங்காக மூடப்பட்ட கடை இல்லை இது, திவாலான கடை.

அந்தப் பெண் பிள்ளைகளின் செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. பாடம் எடுத்த காலத்தில் வெறும் பெயராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வயதுகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

விஷத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் மாற்று மருந்தும் கொடுக்கிறார்களே, ஏன்?

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் வாரம் 10, 15 மில்லிகிராம் எடுப்பார்கள். ஆஸ்டியோசர்கோமாவில் உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம். ஒரே தடவையில் ஆயிரம் மடங்குக்கு மேல்! அவ்வளவு கொடுத்தால்தான் மருந்தை உள்ளே இழுக்கும் கதவுகள் குறைந்த கட்டிச் செல்லுக்குள்ளும் அது புகுகிறது. தொடங்கி 24 மணி நேரத்தில் லியூகோவோரின் ஆரம்பிக்கிறார்கள். அடைபட்ட நொதியைத் தாண்டிக் குறுக்கு வழியில் நல்ல செல்லுக்கு மை கொடுப்பது அது. இரத்தத்தில் மருந்து போதிய அளவு இறங்கும்வரை அதை நிறுத்துவதில்லை.

அந்த நாட்களில் நரம்பில் நிறையத் திரவம் ஏற்றி, சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரைக் காரத்தன்மையில் வைப்பார்கள். அமிலத்தன்மை கூடினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். பார்க்க வந்தவர் ஆசையாக ஒரு கோலா பாட்டில் வாங்கி வந்தார். நர்ஸ் வாங்கி வைத்துவிட்டார். கோலா குடித்ததால் மருந்து வெளியேறத் தாமதமானது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வலி மாத்திரை, நெஞ்செரிச்சல் மாத்திரை சிலவற்றுக்கும் அதே குணம் உண்டு. சத்து மாத்திரை என்று போலிக் அமிலத்தை நாமாகக் கொடுத்தால், மருந்துக்கு எதிராகவே வேலை செய்ததாக ஆகிவிடும்.

இந்த மருந்தின் குடும்பத்தை உண்டாக்கியதில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவுக்குப் பெரிய பங்கு. பீமாவரத்துக்காரர். அமெரிக்காவில் அவர் குழு செய்த அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, 1948-இல் முடிவை வெளியிட்டார். மெத்தோட்ரெக்சேட் அதன் தம்பி.

சிவப்பு மருந்து இதயத்தைக் கெடுக்குமா?

டாக்சோரூபிசின்தான் அந்தச் சிவப்பு மருந்து. ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. டோபோஐசோமரேஸ் 2-இல் இரண்டு வகை: பிரியும் செல்லில் இருப்பது ஆல்பா, பிரியாத இதயத் தசையில் இருப்பது பீட்டா. மருந்து இரண்டையும் பிடிக்கிறது. இதயத் தசைச் செல்லுக்குப் பதில் செல் எளிதில் வராது. அதனால் வாழ்நாள் முழுக்க எவ்வளவு கொடுத்தோம் என்று கூட்டிக்கொண்டே வருவார்கள். இடையிடையே இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுப்பார்கள்.

மருந்து கொடுத்தும் சில கட்டிகள் ஏன் மசிவதில்லை?

சேதி எந்த இடத்தில் அறுகிறதோ அந்த இடத்தில் செல் தப்பிக்கிறது. சில செல்கள் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பை வைத்து டாக்சோரூபிசினை வெளியே இறைத்துவிடும். சில, மெத்தோட்ரெக்சேட் வரும் கதவை மூடிவிடும். குளுட்டத்தயோன் என்ற பொருளைப் பெருக்கிச் சிஸ்பிளாட்டினைக் கட்டிப்போடுபவை உண்டு. சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாலும், மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் பிசிஎல்-2 காவல் நின்று ஓட்டை விழவிடாமல் தடுப்பதும் உண்டு.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது, மருந்தே எதிர்ச் சேதியைக் கிளப்பிவிடுவது. அடி விழுந்ததும் என்எஃப்-கப்பாபி, ஏகேடி என்ற பிழைக்க வைக்கும் பாதைகளும் விழித்துக்கொள்கின்றன. ஒரே அடி 'சாகு' என்றும் சொல்கிறது, 'பிழை' என்றும் சொல்கிறது. எந்தக் குரல் ஓங்குகிறதோ அதன்படி முடிவு. சில செல்கள் தன் உறுப்புகளையே கொஞ்சம் தின்று பஞ்சத்தைத் தாண்டுகின்றன. அதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். இவற்றையெல்லாம் அடைக்கும் மருந்துகளோடு கீமோவைச் சேர்த்து ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். தட்டில் வளரும் செல்லில் பலித்தது பிள்ளையிடம் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

அறுவைக்குப் பிறகு '90 சதவீதம்' என்றார்களே, அது என்ன?

முதலில் ஏறத்தாழ பத்து வாரம் கீமோ, பிறகு அறுவை, பிறகு மீதிக் கீமோ. வெட்டியெடுத்த கட்டியை அறுத்து அறுத்துப் பார்த்து, எத்தனை பங்கு செத்திருக்கிறது என்று நோயியல் மருத்துவர் சொல்வார். 90 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மருந்துக்குக் கட்டி நல்ல பதில் சொல்லியிருக்கிறது என்று பொருள். சேதிச் சங்கிலி எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதற்கு நம் கையில் கிடைக்கும் நேரடி மதிப்பெண் இதுதான்.

குறைந்தால் மருந்தைக் கூட்டினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். யூராமோஸ்-1 என்ற பன்னாட்டு ஆய்வு அதைத்தான் சோதித்தது. பதில் குறைந்தவர்களுக்கு ஐபாஸ்பமைடும் எட்டோபோசைடும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவு: நோய் திரும்புவது குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

கீமோ வருவதற்கு முன்பு, காலை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போயிருந்த செல்கள் பிறகு வளர்ந்தன. இன்று, பரவாத நிலையில் கண்டுபிடித்தால் நூற்றில் 60 முதல் 70 பேர்வரை பிழைக்கிறார்கள், பலர் காலோடு.

எலும்பைக் கரைப்பது கட்டியா?

நேரடியாக இல்லை. கட்டிச் செல்கள் ராங்க்எல் என்ற சேதியை அனுப்பி, எலும்பைக் கரைப்பதே தொழிலான ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை ஏவுகின்றன. எலும்பு கரையும்போது அதில் பூட்டிவைத்திருந்த டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வந்து, கட்டிக்கே தீனியாகின்றன. அதனால் எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலத்தைக் கீமோவோடு சேர்த்தால் நன்மை வரும் என்று பிரான்சில் ஓஎஸ்2006 ஆய்வு நடத்தினார்கள். பலன் கிடைக்கவில்லை. தாளில் அழகாக வரும் கணக்கு உடம்பில் இப்படித் தப்புவது உண்டு.

சேதியையே நிறுத்தும் மாத்திரைகள் இல்லையா?

இருக்கின்றன. ரெகோராஃபெனிப், கபோசான்டினிப் போன்றவை வாசல் ஏற்பிகளின் சேதியை அடைப்பவை. நோய் திரும்பியவர்களிடம் அது வளர்வதைச் சில மாதம் தள்ளிப்போடுவதாக ஆய்வுகள் காட்டின. முதல் சிகிச்சையில் கீமோவின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

கீமோ நாட்களில் என்ன கொடுக்கலாம்?

வாய்ப்புண் வந்தபோது மிளகுக் காரத்தின் வாசனைக்கே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பத்தா செய்த கும்மாயம்தான் இறங்கியது. வீட்டில் அன்றன்றைக்குச் சமைத்தது, நன்றாக வெந்தது போதும். பச்சையாக எதுவும் கவுண்ட் ஏறும்வரை வேண்டாம். மூலிகைப் பொடி, லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அப்போதே கிளம்ப வேண்டும். நாங்கள் ஒரு முறை இரவு ஒரு மணிக்கு மதுரைக்குக் கார் பிடித்தோம். மறுநாள் பார்த்தால் வெள்ளை அணுக்கள் இல்லாத குறைதான்.

எங்கே போவது, செலவு?

எலும்புப் புற்றைத் தொடர்ந்து பார்க்கும் மையமாக இருப்பது முக்கியம். அறுவை, கீமோ, நோயியல் மூவரும் சேர்ந்து பேசும் இடம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்; சேர்க்கும் முன்பே அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி, நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர்.

சிகிச்சை முடிந்துவிட்டது. இனி?

முதல் சில ஆண்டுகள் மார்பு ஸ்கேன் அடிக்கடி எடுப்பார்கள், ஏனென்றால் திரும்பினால் பெரும்பாலும் நுரையீரலில். எக்கோ தொடரும். சிஸ்பிளாட்டின் உள்காதின் மென்மயிர்ச் செல்களைக் கொல்வதால் காதுச் சோதனையும் வேண்டும். மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். எங்கள் பையன் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொள்கிறான். முற்றத்தில் சிட்டுக்குருவி வந்தால் மட்டும், தங்கை கையைக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த ஸ்கேன் தை கடைசியில்.